ஒரே அலைக்கு இரண்டு மனு

"யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்துடுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடலாம்."

சென்னையிலிருந்து வந்திருந்த வயர்லெஸ் இலாகா அதிகாரி இப்படித்தான் விசாரணையைத் தொடங்கினார். சேலம் பயணியர் மாளிகையின் முன்னறை. தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகிக்கொண்டிருந்தது. பின்கட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். அதிகாரியின் மனம் பாதி அங்கேதான் இருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் எங்கள் கொல்லிமலை ஆஸ்பத்திரியின் டாக்டர் சிஸ்டரும். அந்தப் பக்கம் சங்ககிரி லாரி முதலாளி பழனியப்பக் கவுண்டர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. துண்டில் லேசாக டீசல் வாசம்.

"நான் எதுக்குங்க உடோணும்? மொதல்ல மனுப் போட்டது நானுங்க" என்றார் கவுண்டர்.

"முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் மனு" என்றேன் நான்.

"நான் தபால்ல போட்டது மொதல்லீங்க அம்மிணி. உங்களுது முந்திப் போயிருந்தா அது தபால்காரன் பண்ணுன வேலை."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் முதல்ங்கறது பிரச்சினையே இல்லை, மிஸ். ரெண்டு பேரும் கேக்கறது ஒரே அலைவரிசை. ஒரே ஜில்லா. கொடுத்தா ஒருத்தருக்குத்தான் கொடுக்க முடியும். நீங்களே பேசித் தீர்த்துக்கலைன்னா ரெண்டு மனுவையும் தள்ளச் சொல்லி டெல்லிக்கு எழுதிட்டுப் போயிடுவேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

லைன் கிளியர்

நான் சூரமங்கலத்துப் பெண். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் எதற்கும் அப்பாவின் வாயிலிருந்து 'லைன் கிளியர்' வர வேண்டும். தோழியோடு கோவில் திருவிழாவுக்குப் போவதற்கும் அதுதான், டைப்பிங் வகுப்பில் சேர்வதற்கும் அதுதான். பங்குச் சாமியார் வந்து, கொல்லிமலையில் கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளார்க் வேண்டும் என்று சொன்னபோது அப்பா நெடுநேரம் யோசித்தார். "பிலோமினா, அங்கே ரயில் இல்லையே" என்றார். அவருக்குத் தெரிந்த பெரிய குறை அது.

ரயில் என்ன, அப்போது ரோடே கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். மேலே பலாப்பழ வாசமும் அட்டைக் கடியுமாக நான் குடியேறிய கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓமலூர் வாசகர் ஒருவர், அத்தனை குளுகுளு இடத்தில் இருந்த உங்களுக்கு எதற்கு இவ்வளவு முன்கோபம் என்று கேட்டிருக்கிறார். இதைப் படித்தால் அவருக்குப் பதில் கிடைக்கும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மருந்து உண்டு, பாம்புக்கடிக்கு ஊசி உண்டு, சாதாரணப் பிரசவம் பார்க்க இடம் உண்டு. வயிற்றைக் கீறி எடுக்க வேண்டிய பிரசவம் என்றால் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் மாட்டி, நான்கு பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி இறக்குவார்கள். எங்கள் ஜீப் நிற்பதோ நாமக்கல் கன்னியர் மடத்தில். ஓர் ஆள் முன்னால் ஓடி இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, நாமக்கல் போய்ச் சொன்ன பிறகுதான் ஜீப் அடிவாரத்துக்குக் கிளம்பும்.

பொன்னி என்ற பெண்ணை அப்படி இறக்கினார்கள். அடிவாரம் வரைக்கும் உயிரோடுதான் போனாள். புளியமரத்தடியில் தூளியை இறக்கி வைத்து ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். ஜீப் வந்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

கூடவே போயிருந்த டாக்டர் சிஸ்டர் மேலே ஏறி வந்து, வெகுநேரம் கை கழுவினார். அவர் மங்களூர்க்காரர். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவார். "பிலோமினா, ஜீப் முன்னாலே வந்து நிற்க வேண்டும். அதற்கு என்ன வேண்டுமோ அதை எழுது" என்றார்.

அதற்கு வேண்டியது வயர்லெஸ். மேலே ஒரு பெட்டி, நாமக்கல்லில் ஒரு பெட்டி. அவ்வளவுதான் எங்கள் ஆசை.

ராசியான நம்பர்

சேலத்தில் ஒரு ரேடியோக் கடைக்காரர் பழைய ராணுவப் பெட்டிகளைச் செப்பனிட்டு விற்றார். வாய் நிறைய வெற்றிலை, கை நிறைய மோதிரம். மனு எழுதுவது, அனுமதி வாங்குவது எல்லாம் தன் பொறுப்பு என்றார். நம்பினோம்.

அந்தப் பெட்டிக்குள் கிறிஸ்டல் என்று ஒரு சின்னக் கல் இருக்கும். அந்தக் கல்லை எந்த எண்ணுக்கு அறுத்திருக்கிறார்களோ அந்த அலையில்தான் பெட்டி பேசும், கேட்கும். வேறு அலை வேண்டுமானால் வேறு கல் வேண்டும். வேறு கல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கு இறக்குமதி அனுமதி, அதற்கு ஒரு மனு. பிறகு புது எண்ணுக்காக டெல்லிக்குப் புது மனு போட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

கடைக்காரரிடம் இருந்தவை எல்லாம் ஒரே எண்ணுக்கு அறுத்த கற்கள். எங்களுக்கு அந்த எண்ணைப் போட்டு மனு எழுதிக் கொடுத்தார். அதே வாரம் சங்ககிரிக் கவுண்டருக்கும் அதே எண்ணைப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். டெல்லியிலிருந்து ஆட்சேபணை வந்த பிறகு நான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏன் மேடம் கோவப்படுறீங்க? கூட்டிப் பாருங்க, ஒம்பது வரும். ராசியான நம்பர். அதான் ரெண்டு பேருக்கும் கொடுத்தேன்" என்றார், வெற்றிலையைக் கன்னத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு.

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போதாக்குறைக்குச் சீனச் சண்டை முடிந்திருந்த நேரம். வயர்லெஸ் என்றாலே சந்தேகம். இலாகா ஆள் ஒருவர் மலையேறி வந்து, பெட்டியின் ஸ்விட்சுக்குக் குறுக்கே நூலைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். நாமக்கல் பெட்டிக்கும் கவுண்டரின் பெட்டிகளுக்கும் அப்படியே. "பெட்டியை வெச்சுக்க லைசென்ஸ் இருக்கு. பேசத்தான் லைசென்ஸ் இல்லை" என்று விளக்கினார்.

"தொடலாமா?" என்று கேட்டார் டாக்டர் சிஸ்டர்.

அவர் யோசித்து, "துடைக்கலாம்" என்றார்.

துடைத்தோம். தினமும் துடைத்தோம். டாக்டர் சிஸ்டர் பிடிவாதமாக பேட்டரியை மட்டும் சார்ஜ் இறங்காமல் வைத்திருந்தார். எதற்கு இந்த வீண் வேலை என்று நான் முணுமுணுத்ததுண்டு.

சவ்வரிசி மூட்டை

பயணியர் மாளிகைக்கு வருகிறேன்.

கவுண்டருக்கு எதற்கு வயர்லெஸ் என்று அதிகாரி கேட்டார். சங்ககிரி ஷெட்டுக்கும் நாமக்கல் ஆபீசுக்கும் இடையே பேச வேண்டுமாம். காலையில் டிரங்க் கால் புக் செய்தால் சாயங்காலம்தான் லைன் கிடைக்கிறதாம். அதற்குள் லாரி பிரேக்டவுன் ஆகி, சவ்வரிசி லோடு மழையில் நனைந்து கூழாகிவிடுகிறதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சவ்வரிசி மூட்டையும் பிரசவமும் ஒன்றா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுன்னு நான் சொன்னனுங்களா? அந்த மூட்டையில எத்தன ட்ரைவரு, கிளீனரு, லோடுமேன் ஊட்டுல அடுப்பு எரியுதுன்னு அம்மிணிக்குத் தெரியுங்களா? அவிங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

அதிகாரி பேனாவை மூடினார். "சரி, ரெண்டையும் தள்ளிடறேன்." பின்கட்டிலிருந்து தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் சிஸ்டர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புளியமரத்தடிதான் அவர் கண்ணில் தெரிந்திருக்கும். எனக்கும் அதுதான் தெரிந்தது.

"செத்த இருங்க" என்றார் கவுண்டர். "ஏனுங்க, இது பங்குக் கெணறு மாதிரிங்களா?"

"என்ன கிணறு?" என்றார் அதிகாரி.

"அண்ணந்தம்பி நாலு பேருக்கு ஒரே கெணறு இருந்தா என்னங்க பண்ணுவோம்? மொறை வெச்சுக்குவோம். இன்னிக்கு அவன் எறைப்பான், நாளைக்கு இவன். இதுலயும் மொறை வெச்சுக்கறமுங்க. காலைல நானு, மத்தியானத்துக்கு மேல ஆஸ்பத்திரி."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் எரிந்தது. "பிரசவ வலி முறை பார்த்துத்தான் வருமா? காலையில் வந்தால் மத்தியானம் வரைக்கும் அடக்கி வைக்கச் சொல்வீர்களா?"

கவுண்டர் என்னை உற்றுப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"அம்மிணி, மொறையெல்லாம் வெள்ளாமைத் தண்ணிக்குத்தானுங்க. குடிதண்ணிக்கு ஏதுங்க மொறை? எவன் மொறையா இருந்தாலும், ஒருத்தி கொடத்தோட வந்து நின்னா கவலையை நிறுத்தித்தான் ஆகோணும்."

கவலை என்று அவர் சொன்னது மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பதை. அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பிரசவக் கேஸ் என்றால் அது குடிதண்ணீர், அவருடைய ஆட்கள் உடனே பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று அர்த்தம்.

நான் டாக்டர் சிஸ்டருக்கு மெதுவாக விளக்கினேன். அவர் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எழுதச் சொல்" என்றார்.

கவுண்டர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அதிகாரியும் சாப்பிடப் போனார். அன்று மலைக்குத் திரும்பும்போது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மனதாரச் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய அசடு!

கிணறு எங்கே?

எங்கள் உடன்பாட்டைச் சென்னை ஆபீசில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதிகாரி அப்போது எங்கேயோ சுற்றுப்பயணத்தில். மொழிபெயர்த்தவர் எந்த ஊர்க்காரரோ, கவலை என்றால் அவருக்கு மனக்கவலைதான் தெரியும். இரு தரப்பாரும் குடிநீரை முறையின்றிப் பகிர்ந்துகொள்வார்கள், யாராவது குடத்துடன் வந்தால் கவலைப்படுவதை உடனே நிறுத்திவிடுவார்கள் என்று எழுதி டெல்லிக்கு அனுப்பிவிட்டார்.

டெல்லிக்காரர்கள் பொறுப்பானவர்கள். பல மாதம் பரிசீலித்தார்கள். பிறகு பதில் வந்தது. குடிநீர் தங்கள் இலாகாவில் வராது என்றும், மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும்.

நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளில் ஒரு மனிதர் அளவு நாடாவோடு மூச்சு வாங்க மலையேறி வந்து, "கிணறு எங்கேங்க?" என்று கேட்டார். டாக்டர் சிஸ்டர் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சென்னைக்கு எழுத ஆரம்பித்தேன்.

யாருங்க அழுவறது?

மழைக்காலம். மத்தியானம் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாவைத் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். டாக்டர் சிஸ்டர் பார்த்துவிட்டு வெளியே வந்தார். குழந்தை குறுக்கே கிடக்கிறது, கை மட்டும் வெளியே வந்திருக்கிறது என்றார். அவள் புருஷன் நனைந்த கம்பளியோடு கதவோரம் நின்றான். "பொழைக்குமா சாமி?" என்று என்னைத்தான் கேட்டான்.

ஓடி இறங்குகிற ஆளை அனுப்பினால் மறுபடியும் அதே புளியமரம்தான். ஆபீஸ் அறையில் அந்தப் பெட்டி பளபளவென்று இருந்தது. அவ்வளவு துடைத்திருந்தோம்.

"பிலோமினா, கத்தரி" என்றார் டாக்டர் சிஸ்டர்.

வார்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் நேராக ஆபீசுக்குப் போய் நூலை அறுத்தார். அரக்குத் துண்டு தரையில் விழுந்தது. ஸ்விட்சைப் போட்டதும் சூடேறிய தூசி வாசம் வந்தது.

"கூப்பிடு" என்றார்.

"சிஸ்டர், நாமக்கல் பெட்டியும் முத்திரையோடுதானே இருக்கிறது? யார் கேட்பார்கள்?"

"கூப்பிடு" என்று மறுபடி சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

கூப்பிட்டேன். "நாமக்கல், நாமக்கல், மலை ஆஸ்பத்திரி பேசுகிறேன், ஓவர்." இரைச்சல்தான் வந்தது. எங்கள் நாமக்கல் கன்னியர் சட்டத்துக்கு அடங்கியவர்கள். பெட்டியின் மேல் பூவேலை செய்த துணியைப் போர்த்தி, அதன் மேல் மாதா சுரூபத்தை வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ரேடியோக் கடைக்காரர் மேல், டெல்லி மேல், நாடா கொண்டு வந்தவர் மேல் என்று இருந்த ஆத்திரமெல்லாம் ஒன்றாக வந்தது. ஓவரும் மறந்து, ஒழுங்கும் மறந்து கத்தினேன்.

"யாராவது இருக்கிறீர்களா? இங்கே ஒரு பொம்பளை சாகக் கிடக்கிறாள்! ஒரு வண்டி அடிவாரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதானே கேட்கிறோம்!"

கரகரவென்று ஒரு சத்தம்.

"அம்மிணி, அழுவாதீங்க. யாருங்க சாகக் கெடக்கறது? ஓவருங்க."

நான் அழவில்லை. கோபத்தில் கத்தினேன். இதைக் கவுண்டர் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்கள் பெட்டியும் முத்திரை வைத்ததுதானே? நீங்கள் எப்படி..."

"அத அப்பறம் பேசிக்கலாமுங்க. அடிவாரத்துக்கு வண்டிதான வேணும்? நான் நாமக்கல் ஆபீசுலதான் உக்காந்திருக்கறேன். பிளசர் காரை எடுத்துட்டு நானே வாரேன். நீங்க எறக்கியுடுங்க. ஓவருங்க."

நன்றி சொல்வதற்குள் வேறொரு குரல் உள்ளே புகுந்தது. சங்ககிரி ஷெட்டிலிருந்து யாரோ, பின் டயர் வெடித்ததைப் பற்றி விஸ்தாரமாக ஆரம்பித்தார்.

"டேய்! குடிதண்ணி!" என்று கவுண்டர் போட்ட சத்தத்தில் என் காது அதிர்ந்தது. "வாயை மூடு!"

அலை அப்படியே அடங்கியது. இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. வண்டி வருகிறது என்று சொல்ல வார்டுக்கு ஓடினேன்.

தூளி அடிவாரத்தை அடைந்தபோது கார் தயாராகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதாம். பின்சீட்டில் கவுண்டர் சுத்தமான சாக்கும் போர்வையும் விரித்திருந்தாராம். டாக்டர் சிஸ்டர் கூடவே போனார். சேலத்தில் ஆபரேஷன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஒரே எண் என்று சொல்லி எங்கள் இருவர் மனுவையும் இழுத்தடித்தார்களே, அந்த ஒரே எண்ணால்தான் என் சத்தம் கவுண்டர் காதில் விழுந்தது. ரேடியோக் கடைக்காரரைப் பாராட்டுவதா திட்டுவதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திட்டத்தான் தோன்றுகிறது.

அதிகாரி மலையேறினார்

லைசென்ஸ் கடைசியில் வந்தது. தபாலில் வரவில்லை. அந்த அதிகாரியே கொண்டுவந்தார். அவசரக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு முன்னுரிமை, மற்ற நேரம் முறை வைத்துப் பேசலாம் என்று டெல்லியை ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் முத்திரையைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள ஏறி வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டியிடம் போனார்.

அறுந்த நூல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"சங்ககிரியில எலி கடிச்சுடுச்சுன்னாங்க" என்றார். "இங்கே?"

நான் எலி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டர் சிஸ்டர் முந்திக்கொண்டார். "நான்தான் அறுத்தேன். ஒரு பிரசவத்துக்காக. மறுபடியும் வந்தால் மறுபடியும் அறுப்பேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். இந்த மனிதர் எங்களைத் தள்ளிவிடுவார். வருஷக்கணக்கில் எழுதியதெல்லாம் குப்பை. கன்னியருக்குப் பொய் சொல்லத் தெரியாததை நான் அன்று சபித்தேன்.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் பார்வையிட்டபோது முத்திரை சரியா இருந்ததுன்னு எழுதணும். அப்படி எழுதினாத்தான் லைசென்ஸ் கொடுக்கலாம். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை" என்றார். பிறகு தன் பையைத் திறந்தார்.

"மெழுகுவத்தி இருக்கா, மிஸ்?"

ஜெப அறைப் பீடத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். பையிலிருந்து புது நூலும் அரக்கும் பித்தளை முத்திரையும் எடுத்தார். ஸ்விட்சின் குறுக்கே நூலைக் கட்டினார், அரக்கை உருக்கினார், முத்திரையை அழுத்தினார். ஆறும் வரைக்கும் ஊதினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"முத்திரை சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, அந்த நூலைத் தானே அறுத்தார்.

"பேசுங்க, மிஸ்" என்றார்.

பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த மனிதர் மேல் அத்தனை நாளும் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல், உட்கார்ந்தே இருந்தேன்.